முப்பது சீட்டுப் படை



சீட்டாட்டம் என்ற சொல்லைச் செவியுற்ற அளவிலேயே முகம் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே மிகுதி. அச்சுளிப்பிலே நியாயமும் உண்டு. பகலெல்லாம் மூட்டை சுமந்து பெற்ற கூலியை இரவு ஒரு மணி நேரத்தில் சீட்டிலே தோற்றுவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களை எங்கள் விருதுநகர்ச் சந்தைப் பக்கத்தில் நான் சிறு வயதிலிருந்தே கண்டதுண்டு. ஆகவே, ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலியின் முன் அமர்ந்து சீட்டைப் பற்றிப் பேசப் புகுந்தால், அது பொருத்தமா என்ற கேள்வி எழுவது இயல்பே. நான் சொல்ல வந்த சீட்டு தாளில் அச்சிட்டதன்று. கணிப்பொறித் திரையிலும் கைப்பேசித் திரையிலும் தோன்றி மறைவது. ஒவ்வொரு சீட்டும் ஒரு வீரன், அல்லது ஒரு பூதம், அல்லது ஒரு மந்திரம். உங்களில் பலர் இதனை என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள். ஆடத் தெரிந்தவர்களுக்கு ஆட்டத்தைக் கற்பிக்க நான் வரவில்லை. ஆட்டம் தொடங்குமுன் படையைத் தேர்ந்தெடுக்கிறீர்களே, அந்தத் தேர்வில் அடங்கியிருக்கும் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம் என்பதே என் விருப்பம்.

2018ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் ஜகார்த்தாவிலும் பாலம்பாங்கிலும் ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது. ஓட்டம், மல்யுத்தம், கபடி முதலியவற்றோடு, மின்னணு விளையாட்டுகளும் அவ்விழாவில் முதன்முறையாகக் காட்சிப் போட்டியாக இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று ஹார்த்ஸ்டோன் என்னும் சீட்டுப் போர். அதில் குஜராத்தின் புஜ் நகரைச் சேர்ந்த தீர்த் மேத்தா என்ற இளைஞர் இந்தியாவுக்காக வெண்கலப் பதக்கம் வென்றார். காட்சிப் போட்டியாதலால் அப்பதக்கம் நாட்டின் பதக்கப் பட்டியலில் சேரவில்லை. சேரவில்லையே தவிர, வென்றது வென்றதுதான்.

இந்த ஆட்டத்தின் இயல்பை விளங்கிக்கொள்ள, நம் வீட்டுத் திண்ணையில் ஆடும் முந்நூற்று நாலு என்ற ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் அதனை அறியாதார் சிலரே. அதில் 32 சீட்டுகள். ஒவ்வோர் இனத்திலும் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று மதிப்பு. கூட்டினால் 76. நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. அந்த ஆட்டத்தில் கட்டு எல்லாருக்கும் பொது. கலைத்துப் போட்டபின் கைக்கு வந்ததை வைத்துத்தான் ஆட வேண்டும். தலைவிதியை நொந்துகொள்ளவும் இடமுண்டு.

போர்ச் சீட்டில் அப்படியன்று. அவரவர் கட்டு அவரவர்க்கு. ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து தமக்கு வேண்டியவற்றை ஆட்டத்திற்கு முன்பே பொறுக்கிக் கட்டமைத்துக்கொண்டு வர வேண்டும். கலைப்பதும் எடுப்பதும் விதியின் கையில் இருந்தாலும், எதைக் கலைப்பது என்பது நம் கையில். இவ்வகை ஆட்டத்துக்கு 1993ஆம் ஆண்டு ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற பெயரில் வித்திட்டவர் அமெரிக்கரான ரிச்சர்டு கார்ஃபீல்டு. அவர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், அதிலும் சேர்மானக் கணிதத்தில். கணித ஆசிரியனாகிய எனக்கு இச்செய்தி தெரிந்தபோது வியப்புத் தோன்றவில்லை, மகிழ்ச்சிதான் தோன்றியது. அவருடைய ஆட்டம் தாள் சீட்டில் பிறந்தது. பிளிசார்டு என்ற நிறுவனம் 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியிட்ட ஹார்த்ஸ்டோன் திரையிலேயே பிறந்தது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு படையில் 30 சீட்டுகள். ஒரே சீட்டை இரண்டு படிகளுக்கு மேல் வைக்கலாகாது. ‘புகழ் வீரர்’ என்று சொல்லத்தக்க மிக அரிய சீட்டாயின் ஒன்றே. தலைவனுக்கு 30 உயிர்ப் புள்ளிகள். எதிரித் தலைவனின் புள்ளிகளைச் சுழியாக்கியவர் வென்றவர். ஒவ்வொரு சீட்டையும் களத்தில் இறக்க ஒரு விலை உண்டு. அவ்விலையை மானா என்ற ஆற்றலால் செலுத்த வேண்டும். முதல் முறையில் ஒரு மானா, இரண்டாம் முறையில் இரண்டு, இப்படியே வளர்ந்து பத்தோடு நின்றுவிடும். அந்தந்த முறையில் செலவிடாத மானா அடுத்த முறைக்குச் சேமிப்பாக வருவதில்லை. இந்தக் கடைசி விதியை மறவாதீர்கள். பெரும்பாலான தோல்விகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

புதிதாக ஆடுகிற சிறுவன் என்ன செய்கிறான்? தன்னிடமுள்ள சீட்டுகளுள் மிக வலியவை முப்பதைப் பொறுக்கிக் கட்டிவிடுகிறான். ஒவ்வொன்றும் ஏழு மானா, எட்டு மானா விலையுள்ள பூதங்கள். படத்தைப் பார்த்தால் அச்சமாக இருக்கும். ஆட்டம் தொடங்குகிறது. முதல் ஆறு முறைகளில் அவனுக்கு ஒன்றும் இரண்டும் மூன்றுமாக மொத்தம் 21 மானா வந்து, அத்தனையும் வீணாகப் போகிறது. ஏழாம் முறையில் பூதம் எழுந்து நிற்கும்போது, எதிரியின் சின்னஞ்சிறு வீரர்கள் அவன் தலைவனைப் பாதிக்கு மேல் கடித்துத் தின்றுவிட்டிருப்பார்கள்.

தீபாவளிக்கு முன் சிவகாசியில் பட்டாசுக் கடைகளுக்குச் சென்றவர்கள் கிஃப்ட் பாக்ஸ் அடுக்குவதைப் பார்த்திருக்கலாம். பெட்டியின் விலை முன்பே முடிவானது. அந்த விலைக்குள் கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்கு சக்கரம், சாட்டை, பிஜிலி, லட்சுமி வெடி, ராக்கெட் என்று பலவும் அடங்க வேண்டும். அணுகுண்டுதான் சத்தம் மிகுந்தது என்று பெட்டி முழுவதும் அணுகுண்டாக நிரப்பினால், வீட்டில் சிறு குழந்தை கையில் பிடிக்க ஒரு மத்தாப்புக்கூட இராது. அந்திப் பொழுதில் தொடங்க ஒன்று, குழந்தைக்கு ஒன்று, தெருவே திரும்பிப் பார்க்க ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் நேரமும் வேலையும் உண்டு. பெட்டி அடுக்கும் தொழிலாளி இதையெல்லாம் ஏட்டில் படித்தவரல்லர். ஆயினும் படையமைப்பின் முதற்பாடம் அவர் விரலில் இருக்கிறது.

சரி, விலை குறைந்த சீட்டுகள் எத்தனை வேண்டும்? இங்கேதான் கணக்கு வருகிறது. முதலில் ஆடுபவருக்குத் தொடக்கத்தில் மூன்று சீட்டுகள் கிடைக்கும். தம் முறை வந்ததும் ஒன்று எடுப்பார். ஆக நான்கு. அந்த நான்கில் விலை குறைந்த சீட்டு ஒன்றேனும் இருக்க வேண்டும். முப்பதில் எட்டு விலை குறைந்தவை என்று கொள்வோம். அவ்வெட்டில் ஒன்றும் வராமற்போகும் வாய்ப்பு என்ன? முதற்சீட்டு மற்ற 22இல் ஒன்றாக இருக்க வேண்டும்: முப்பதில் 22. அடுத்தது 29இல் 21. அடுத்தது 28இல் 20. நான்காவது 27இல் 19. நான்கையும் பெருக்கினால் ஏறக்குறைய நூற்றுக்கு 27. ஆகவே, ஒன்றேனும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 73. இதே கணக்கை நான்கு சீட்டுகளுக்குப் போட்டால் 45. பன்னிரண்டுக்குப் போட்டால் 89. தொடக்கச் சீட்டுகளில் வேண்டாதவற்றைத் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் உரிமை ஆட்டத்தில் உண்டு. அதனை நான் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் எண்கள் கணிசமாக உயரும்.

இவ்வெண்களை உற்று நோக்குங்கள். நான்கிலிருந்து எட்டுக்குச் சென்றபோது 28 புள்ளி ஆதாயம். எட்டிலிருந்து பன்னிரண்டுக்குச் சென்றபோது அதே நான்கு சீட்டுகளைக் கூட்டியும் ஆதாயம் 16தான். மேலும் மேலும் சேர்க்கப் பயன் குறைந்துகொண்டே வருகிறது. பயனோ குறைகிறது, செலவோ குறைவதில்லை. ஏனெனில், நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு சிறு வீரனும், ஆட்டத்தின் பிற்பகுதியில் வேண்டியிருக்கும் ஒரு பெரு வீரனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறான். எட்டா, பத்தா, பன்னிரண்டா என்பது அவரவர் படையின் நோக்கத்தைப் பொறுத்தது. விரைந்து தாக்கி முடிக்கும் படைக்குப் பன்னிரண்டும் போதாது. எதிரியைத் தடுத்து நிறுத்தி, நெடுநேரம் கழித்து வெல்லும் படைக்கு எட்டே மிகுதியாகலாம்.

இன்னொரு செய்தி, வலிமை என்பது சீட்டில் அச்சிட்ட எண் மட்டுமன்று. மர்லாக் என்ற மீன் முகக் குள்ளர் கூட்டம் ஒன்று இவ்வாட்டத்தில் உண்டு. அக்கூட்டத்தின் படைத்தலைவன் மூன்று மானா விலையுள்ளவன். அவன் களத்தில் நின்றால், உடன் நிற்கும் மற்ற மர்லாக்குகள் ஒவ்வொருவருக்கும் தாக்கும் ஆற்றல் இரண்டு கூடும். நான்கு குள்ளர் நடுவே அவன் வந்தால் எட்டு கூடுகிறது. வேறு மர்லாக்கே இல்லாத படையில் அவனை வைத்தால், ஆளில்லா ஊருக்குத் தலையாரி. ஆகவே, இவன் நல்ல சீட்டா என்று கேட்பது பாதிக் கேள்வி, யாரோடு என்பதே மீதிப் பாதி.

இதனைச் சொல்லும்போது எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். 1954 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சராகப் பொறுப்பேற்ற காமராசர், தம்மையும் சேர்த்து எண்மர் மட்டுமே கொண்ட அமைச்சரவையை அமைத்தார். கட்சித் தலைமைக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையும், அவர் பக்கம் நின்ற பக்தவத்சலத்தையும் அந்த எட்டிலே சேர்த்துக்கொண்டார். இடம் எட்டுத்தான் என்று வரையறுத்துக்கொண்ட பிறகு, ஓரிடத்தையும் வெறும் மனத்தாங்கலுக்காக வீணாக்க அவர் ஒப்பவில்லை. நிதி, கல்வி ஆகிய துறைகள் சுப்பிரமணியத்திடமே இருந்தன. சீட்டாட்டப் பேச்சில் அப்பெருமகனை இழுக்கலாமா என்று சிலர் கருதக்கூடும். குறைந்த இடத்தில் நிறைந்த வேலை வாங்குவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிட்டவில்லை.

இனி, என்னை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகிறேன். ஜகார்த்தா விழா நடந்த காலத்தில், ஹார்த்ஸ்டோனின் பெரும் போட்டிகளில் ஒரு முறை வழங்கி வந்தது. ஆட்டக்காரர் ஒரு படையல்ல, வெவ்வேறு குலத்தைச் சேர்ந்த நான்கு படைகளைக் கொண்டுவர வேண்டும். அவற்றுள் ஒன்றை எதிரி விலக்கிவிடுவார். எஞ்சிய மூன்றில் ஒவ்வொன்றும் ஒருமுறையாவது வென்றாக வேண்டும். வென்ற படை ஒதுங்கிக்கொள்ளும், தோற்ற படை மீண்டும் களம் காணலாம். யார் முதலில் மூன்று படைகளையும் கரையேற்றுகிறாரோ அவரே வெற்றியாளர்.

இதில் உள்ள நுட்பத்தைப் பாருங்கள். உங்களிடம் மிகச் சிறந்த படை ஒன்று இருக்கிறது. அது ஒருமுறை வென்றதும் அதன் வேலை முடிந்தது. மீண்டும் மீண்டும் அதனையே அனுப்பி வெல்ல இயலாது. கடைசியில் உங்கள் நொண்டிப் படையும் தானே ஓடி வென்றாக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எதிரியின் எந்தப் படையோடு பொருதினாலும், முதல்வனுடைய இரண்டு படைகள் நூற்றுக்கு எழுபது முறை வெல்லும், மூன்றாவது இருபது முறைதான் வெல்லும் என்று கொள்க. இரண்டாமவனுடைய மூன்று படைகளும் நடுத்தரமானவை: ஒவ்வொன்றும் நூற்றுக்கு ஐம்பது. சராசரி பார்த்தால் முதல்வனுக்கு 53க்கு மேல் வருகிறது, இரண்டாமவனுக்கு 50. முதல்வனே மேல் என்றுதான் தோன்றும். ஆனால் மூன்று தோல்விகள் வருமுன் மூன்று படைகளும் வெல்ல வேண்டும் என்ற விதிப்படி கணக்கிட்டால், இரண்டாமவன் போட்டியை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 50. முதல்வனுக்கோ 37தான். முதல்வனுடைய இரண்டு வல்லமைமிக்க படைகளும், அந்த ஒரு மெலிந்த படையின் சுமையைத் தாங்க முடியாமற் போகின்றன. பதினோராம் வகுப்பு மாணவர்கள் இதனைத் தாங்களே போட்டுச் சரிபார்க்கலாம். தோல்வி சுழி, ஒன்று, இரண்டு என்று மூன்று நிலைகளாகப் பிரித்துக்கொண்டால் எளிதாக முடியும்.

எங்கள் மாவட்டத்து ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. பிளஸ் டூ தேர்வின் தேர்ச்சி விழுக்காட்டில் விருதுநகர் மாவட்டம் பலமுறை மாநிலத்தின் முதலிடத்தில் நின்றது. 2023ஆம் ஆண்டு 97.85 விழுக்காட்டோடு முதலிடம் பெற்றது. மாநிலத்தில் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவன் ஒருவனை உருவாக்குவது ஒரு கலை. தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்துவது முற்றிலும் வேறு கலை. முன்னதற்கு முதல் வரிசை மாணவனோடு உட்கார வேண்டும். பின்னதற்குக் கடைசி வரிசையில், தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் தாய்க்கு ஒத்தாசையாக இருந்துவிட்டுத் தாமதமாக வரும் மாணவனோடு உட்கார வேண்டும். நான்கு படைகளைக் கட்டுகிற ஆட்டக்காரரும் இரவில் விழித்திருந்து திருத்துவது தம் நான்காவது படையைத்தான்.

எதிரி எதனை விலக்குவார் என்பதை முன்கூட்டியே கருதிப் படை கட்டுவதும் உண்டு. நான்கு படைகளும் ஒரே வகை எதிரிக்கு மட்டும் அஞ்சுவனவாக அமைத்துக்கொண்டு, அந்த ஒரு வகையைத் தம் விலக்குரிமையால் நீக்கிவிடுவர். பலவீனங்களைப் பலவாகச் சிதறவிடாமல் ஒரே இடத்தில் குவித்து, அந்த இடத்தை அடைத்துவிடும் தந்திரம் இது. சதுரங்கத்தில்கூட இதற்கு ஒப்பானது இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு புகழ்ந்தவன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இச்சீட்டுகள் எப்படிக் கிடைக்கின்றன? ஐந்து சீட்டுகள் அடங்கிய பொட்டலமாகக் கிடைக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்த பிறகே தெரியும். ஆட்டத்தில் ஈட்டிய பொற்காசாலும் வாங்கலாம், உண்மையான பணத்தாலும் வாங்கலாம். நாங்கள் சிறுவராக இருந்தபோது தீப்பெட்டிப் படம் சேர்த்தோம். 1922ஆம் ஆண்டு அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். பெட்டிக்குப் படம் வேண்டும் என்ற தேவையே அவ்வூர் அச்சுத் தொழிலையும் வளர்த்தது. ஆகவே எங்களுக்குப் படத்திற்குப் பஞ்சமில்லை. எளிதில் கிடைக்கும் படத்துக்கு மதிப்பில்லை, அயலூர்ப் படம் ஒன்றுக்கு உள்ளூர்ப் படம் பத்து என்று மாற்று. ஆனால் அவை பிறர் தூக்கி எறிந்தவை. குனிந்து பொறுக்கினால் போதும். அப்பாவின் வங்கிக் கணக்கு அதில் சம்பந்தப்படவில்லை.

இன்று ஒரு பொட்டலத்தில் அரிய சீட்டு வரவில்லையென்றால் அடுத்த பொட்டலம், அதிலும் இல்லையென்றால் அதற்கடுத்தது என்று விரல் போய்க்கொண்டே இருக்கிறது. பணம் செலுத்தித் திறக்கும் இத்தகைய மூடு பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று பெல்ஜியம் நாடு 2018இல் முடிவு செய்தது. நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து, மின்னணுப் போட்டி விளையாட்டுகளைத் தனியே ஏற்றுக்கொள்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, நான் முன்பு சொன்ன கணக்கே இங்கும் உங்களுக்குத் துணை. அரிய சீட்டு ஒன்றே ஒன்றைத்தான் படையில் வைக்கலாம். ஏழாம் முறை வரையில் உங்கள் கைக்கு வருவது பத்துச் சீட்டுகள். அந்த ஒற்றைச் சீட்டு அதற்குள் வரும் வாய்ப்பு முப்பதில் பத்து, அதாவது மூன்றில் ஒன்று. மூன்று ஆட்டத்தில் இரண்டில் முகமே காட்டாத ஒருவனுக்காக எத்தனை ரூபாய் தரலாம் என்பதை நீங்களே மதிப்பிடலாம். விலை மலிந்த எளிய சீட்டுகளால் கட்டிய விரைவுப் படைகள் அரிய சீட்டு நிறைந்த படைகளை வீழ்த்துவது இவ்வாட்டத்தில் அன்றாட நிகழ்ச்சி.

மற்றொன்று, தீப்பெட்டிப் படம் என் பெட்டியில் இருந்தது. திரைச் சீட்டோ நிறுவனத்தின் கணிப்பொறியில் இருக்கிறது. சீன நாட்டில் அந்த ஆட்டத்தை நடத்தி வந்த உள்ளூர் நிறுவனத்துடன் பிளிசார்டு செய்திருந்த உடன்பாடு முடிந்துபோகவே, 2023 ஜனவரி 23ஆம் நாளோடு அங்கே ஆட்டம் நின்றது. பல ஆண்டுகள் சேர்த்த சீட்டுகளை அந்நாட்டு ஆட்டக்காரர்கள் தொட முடியாமற் போயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் ஹாங்சோ நகரில் தொடங்கிய ஆசிய விளையாட்டு விழாவில், மின்னணு விளையாட்டுகள் முதன்முறையாக மெய்யான பதக்கப் போட்டிகளாயின. ஆனால் ஹார்த்ஸ்டோன் மட்டும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கென ஆயத்தமாகியிருந்தவர்களின் உழைப்பு, எந்த ஆட்டத்திலும் தோற்காமலே தோற்றுப்போயிற்று. ஓட்டப் பந்தயத்தில் மண்ணை யாரும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை, இதிலே களமே ஒருவர் உடைமை. 2024 செப்டம்பரில் அங்கே ஆட்டம் மீண்டும் திறக்கப்பட்டது. விழா அதற்குள் முடிந்து ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது.

கைப்பேசி இல்லாத மாணவர்களும் நான் சொன்ன கணக்கைச் சோதித்துப் பார்க்கலாம். சென்ற ஆண்டு நாட்காட்டியின் அட்டை வீட்டில் கிடக்கும். சிவகாசியில் அச்சான அட்டையாகவும் இருக்கக்கூடும். அதனை முப்பது துண்டுகளாக ஒரே அளவில் வெட்டுங்கள். எட்டில் ஒரு வட்டம் வரையுங்கள். நன்றாகக் கலைத்து நான்கு எடுங்கள். வட்டம் ஒன்றேனும் வந்ததா என்று குறித்துக்கொண்டு, மீண்டும் சேர்த்துக் கலையுங்கள். நூறு முறை செய்ய ஒரு பிற்பகல் போதும். ஒருவர் எடுக்க, ஒருவர் எழுதட்டும். விடை 73ஐ ஒட்டி, பெரும்பாலும் 65க்கும் 82க்கும் நடுவே எங்கேனும் வந்து நிற்கும். மிகச் சரியாக 73 என்றே வந்துவிட்டால், எழுதினவருடைய தாளை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பிறகு நான்குக்குப் பதில் ஐந்தாக எடுத்து, இரண்டாம் முறைக்குரிய எண்ணைக் காணலாம். அது 82ஐ ஒட்டி வர வேண்டும்.